இலுப்பூர்க்காரனுக்கு வெயில் விலக்கு கிடையாது

அல்மேரியா, ஸ்பெயின்
16.6.2019

அன்புள்ள அத்தைக்கு,

உங்கள் முழங்கால் எப்படி இருக்கிறது?

குடும்ப வாட்ஸப்பில் நான் போட்ட சைக்கிள் படத்தைப் பார்த்துவிட்டு, "ஹெல்மெட் தலையில மாட்டுறதுக்கா, ஹேண்டில்பார்ல தொங்கவிடுறதுக்கா?" என்று கேட்டிருந்தீர்கள். கூடவே, "பதிலை வாயால உளறி அனுப்பாத, உக்காந்து எழுது" என்று உத்தரவு. அறிவொளி இயக்கத்தில் ஊருக்கே எழுத்துச் சொல்லிக்கொடுத்தவரிடம் மறுபேச்சு உண்டா? எழுதுகிறேன்.

முதலில் அப்பாவின் சந்தேகம். படத்தில் இருப்பது நம்ம மீமிசல் கடற்கரை இல்லை. "இவன் பிளைட் ஏறினானா இல்லையா?" என்று அவர் கேட்டதாகச் சின்னவள் சொன்னாள். ஏறினேன். ஏறுவதற்கு வாங்கிய கடனைக் கேட்டால் அதுவே சாட்சி சொல்லும். இந்த இடத்தின் பெயர் காபோ தே காத்தா. ஏறக்குறைய ஒரு கோடி வருஷத்துக்கு முன்னால் எரிமலைகள் கக்கிய குழம்பு, ஆறிக் கறுத்துக் கடலோரத்தில் குன்றுகளாக நிற்கிறது. வருஷத்துக்கு 200 மில்லிமீட்டர் மழை கிடைத்தால் பெரிய விஷயம். அதை நம்ம ஊர் ஐப்பசி, மனசு வைத்தால் இரண்டே நாளில் ஊற்றிவிட்டுப் போய்விடும். 1987-இல் இதை இயற்கைப் பூங்கா ஆக்கினார்கள். 1997-இல் யுனெஸ்கோ வந்து உயிர்க்கோளக் காப்பகம் என்று பட்டம் கட்டியது. காய்ந்து கிடக்கிற மண்ணைக் காசு கொடுத்துப் பார்க்க ஐரோப்பாவே வருகிறது. பெரியப்பா வறட்சி நிவாரணத்துக்கு மனு எழுதியே பேனாவைத் தேய்த்தார். இந்தப் பட்டத்துக்கு எழுதியிருக்கலாம்.

இப்போது ஹெல்மெட். இங்கே 2003-இல் போட்ட போக்குவரத்து விதிப்படி, ஊருக்கு வெளியே சைக்கிள் ஓட்டினால் ஹெல்மெட் கட்டாயம். ஆனால் மூன்று விலக்கு வைத்திருக்கிறார்கள். நீண்ட ஏற்றத்தில் ஏறும்போது வேண்டாம். உடம்புக்கு ஆகாது என்று டாக்டர் சர்டிபிகேட் இருந்தால் வேண்டாம். வெப்பம் கடுமையாக இருந்தாலும் வேண்டாம். நீண்ட ஏற்றம் என்றால் எத்தனை மீட்டர்? கடும் வெப்பம் என்றால் எத்தனை டிகிரி? அதை மட்டும் எழுதவில்லை. எழுதிக்கொண்டிருந்தவர் பாதியில் மத்தியானத் தூக்கத்துக்குப் போயிருப்பார்.

நம்ம சட்டத்தில் இந்தக் குழப்பமெல்லாம் இல்லை. 2015 ஜூலையிலிருந்து வண்டியில் போகிறவன் ஹெல்மெட் போட வேண்டும் என்று ஹைகோர்ட் சொன்னது. மாமாவும் மறுநாளே வாங்கிப் போட்டார், பெட்ரோல் டேங்க் மேலே. போலீஸ் தெரிந்தால் அது தலைக்கு ஏறும், தாண்டினால் இறங்கும். டேங்குக்கு இன்றுவரை ஒரு கீறல் கிடையாது.

போன வாரம் லீவு கிடைத்தது. சைக்கிளின் பின்சக்கரத்துக்கு இரண்டு பக்கமும் பை கட்டி, எலுமிச்சம்பழச் சோறும் தண்ணீரும் ஏற்றிக் கிளம்பினேன். இங்கே காற்றுக்கெல்லாம் பெயர் உண்டு. மேற்கிலிருந்து அடித்தால் பொனியேந்தே, கிழக்கிலிருந்து அடித்தால் லெவாந்தே. போகும்போது பொனியேந்தே முதுகில் கைவைத்துத் தள்ளிக்கொண்டே வந்தது. எனக்கு இவ்வளவு கால்பலம் இருப்பதை வீட்டில் யாரும் சொல்லவே இல்லையே என்று நினைத்துக்கொண்டேன். உப்பளத்தில் பூநாரைகள் தலையைக் கவிழ்த்துச் சேற்றை அலசிக்கொண்டிருந்தன. கோடியக்கரைக்குக் கூட்டிப்போங்கள் என்று நான் அழுததும், பஸ் காசு இல்லை என்று நீங்கள் சொன்னதும் ஞாபகம் வந்தது. ஆகவே பூநாரை பாக்கி தீர்ந்தது.

உப்பளம் தாண்டிக் கலங்கரை விளக்கம். அதற்கு மேலே வேலா பிளாங்கா என்று ஒரு குன்று, உச்சியில் பழைய காவல் கோபுரம், 200 மீட்டருக்குச் சற்று மேல். அங்கே கார் போகக் கூடாது என்று குறுக்கே கம்பி போட்டிருக்கிறார்கள். சைக்கிள் போகலாம். ஏற்றம் தொடங்கியதும் சட்டப்படி ஹெல்மெட்டைக் கழற்றி ஹேண்டில்பாரில் மாட்டினேன். நீங்கள் பார்த்த படம் அதுதான். நடுவில் ஒரு வளைவில் பத்தடி இறக்கம் வந்தது. இறங்கி நின்று மாட்டினேன். வார் பூட்டுவதற்குள் மறுபடி ஏற்றம். கழற்றினேன். பிறகு ஏற முடியாமல் இறங்கித் தள்ளினேன். தள்ளுகிறவன் சைக்கிள்காரனா, பாதசாரியா? பாதசாரிக்கு ஹெல்மெட் உண்டா? உச்சிக்குப் போய்ச் சேரும்வரை இந்த வழக்கு என் தலைக்குள் நடந்தது. இரண்டு தரப்புக்கும் நானே வக்கீல். ஒத்திவைக்க ஜட்ஜ்தான் இல்லை.

மறுபக்கம் மண்பாதையில் இறங்கினால் மோன்சுல் கடற்கரை. 1989-இல் வந்த இண்டியானா ஜோன்ஸ் படத்தில் அப்பாவாக வரும் ஷான் கானரி, குடையை விரித்துக் கடற்பறவைகளைக் கலைத்து, மேலே வந்த விமானத்தை விழவைப்பாரே, அந்தக் காட்சி இங்கே எடுத்தது. இந்த ஊரில் குடைக்கு அதைத் தவிர வேறு வேலை இருந்திருக்காது.

ராத்திரி சான் ஹோசேயில் தங்கினேன். வாடகை எவ்வளவு என்று அப்பாவிடம் சொல்லவேண்டாம்.

மறுநாள் ரோடால்கிலார் போகும் ஏற்றத்தில், அமதிஸ்தா என்கிற காட்சி முனையில் மூச்சு வாங்கிக்கொண்டிருந்தபோது ஒரு போலீஸ்காரர் வண்டியை நிறுத்தினார்.

"ஹெல்மெட் எங்கே?"

"நீண்ட ஏற்றம், சார்."

"ஏற்றம் முடிந்துவிட்டது. இனி இறக்கம்தான்."

"கடும் வெப்பம்."

அவர் வண்டிக்குள் எட்டிப் பார்த்தார். "31 டிகிரி. எந்த ஊர்?"

இந்த இடத்தில் நான் ஐஸ்லாந்து என்று சொல்லியிருக்க வேண்டும். என் வாய்தான் உங்களுக்குத் தெரியுமே. தென்னிந்தியா, புதுக்கோட்டைப் பக்கம் இலுப்பூர், கத்திரியில் 40-ஐத் தொடும், அந்த வெயிலில் செருப்பில்லாமல் பள்ளிக்கூடம் போன ஆள் நான் என்று தாய்மண் பெருமையை விளக்கமாக எடுத்துவிட்டேன். அவர் கடைசிவரை பொறுமையாகக் கேட்டார். "அப்படியானால் இது உங்களுக்கு வெப்பமே இல்லை, மாட்டுங்கள்" என்றார். மாட்டினேன். மிச்சமிருப்பது டாக்டர் சர்டிபிகேட். நம்ம ஊரென்றால் ஆளைப் பிடித்து வாங்கிவிடலாம். இங்கே அதற்கு உண்மையிலேயே தலையில் ஏதாவது வந்தாக வேண்டும்.

ரோடால்கிலாரில் தங்கச் சுரங்கம் இருந்தது. 1956-இல் அப்போதைய சர்வாதிகாரி பிராங்கோவே வந்து புது ஆலையைத் திறந்துவைத்தார். 1966-இல் மூடிவிட்டார்கள். டன் கணக்கில் பாறையை உடைத்துக் கிராம் கணக்கில் எடுத்தால் கட்டுப்படியாகுமா? உங்களுக்கு ஒரு மோதிரத்துக்காவது கிடைக்குமா என்று குனிந்து பார்த்துக்கொண்டேதான் போனேன். அதைத் தாண்டிக் காட்டுக்குள் கூரை விழுந்த பண்ணைவீடு ஒன்று. 1928-இல் அங்கே கல்யாணத்துக்கு முந்தின ராத்திரி பெண் தன் சொந்தக்காரப் பையனோடு கிளம்பிவிட்டாள். வழியிலேயே பையனைச் சுட்டுவிட்டார்கள். அந்த நடப்பிலிருந்துதான் லோர்கா என்கிற கவிஞர் 1933-இல் மேடையேறிய ஒரு நாடகத்தை எழுதினார். நம்ம பக்கமாக இருந்தால் முறைப் பையன் என்று பெரியவர்கள் முதலிலேயே பேசி முடித்திருப்பார்கள், நாடகமும் மிச்சம்.

வழியெல்லாம் சப்பாத்திக்கள்ளி வெள்ளை பூத்துச் செத்துக்கொண்டிருக்கிறது. ஒரு பூச்சி. இங்கே கள்ளியைக் காப்பாற்ற வழி தேடுகிறார்கள். நம்ம பக்கத்தில் 1920-களில் கள்ளியை ஒழிக்க அதே பூச்சியைக் கொண்டுவந்து விட்டார்கள், தாத்தா சொல்வாரே, அதுவேதான். அப்புறம் இலந்தை. நம்ம இலந்தைக்கு ஒன்றுவிட்ட தங்கச்சி, அதே கொக்கி முள். அது முளைத்த இடத்தையே சட்டம் போட்டுக் காக்கிறார்கள். காய்க்க இன்னும் நாள் இருக்கிறது. சும்மா நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். சட்டையில் முள் மாட்டியது, எடுக்க அவசரப்படவில்லை.

நிஹார் பக்கம் திரும்பினால் பூங்கா முடிந்து பிளாஸ்டிக் தொடங்கும். நான் வேலை பார்க்கிற உலகம். மாகாணம் முழுக்க 30,000 ஹெக்டேருக்கு மேல் வெள்ளைக் கூடாரம், உள்ளே தக்காளி, குடைமிளகாய், வெள்ளரி. பனிக்காலத்தில் ஐரோப்பா சாலட் தின்பது இதில்தான். இந்தக் காய்ந்த ஊருக்கு அடியில் கிடக்கிற தண்ணீரைத்தான் சொட்டு சொட்டாக வெள்ளரிக்குள் ஏற்றி லாரியில் அனுப்புகிறோம். அந்தச் சொட்டை எண்ணுவதற்குத்தான் எனக்குச் சம்பளம். இந்த மாதத்தில் உள்ளே போனால் போலீஸ்காரரின் 31 எல்லாம் குளிர். மொராக்கோவிலிருந்து வந்த பையன்கள் அதில் நாள் முழுக்கக் குனிந்து நிற்கிறார்கள். பொழுதுபோக்குக்குச் சைக்கிள் மிதிக்கிறவன் தலை வேர்க்கும் என்று கவலைப்பட்டு விலக்கு எழுதினவர், இந்தக் கூடாரத்துக்குள் ஒரு மத்தியானம் நின்று பார்த்திருக்கலாம். பக்கத்து வரிசையில் வேலை செய்கிறவன் என்னைவிடச் சின்னவன். அவன் அம்மாவும் போட்டோ கேட்கிறாளாம். கூடாரத்துக்கு வெளியே, கடல் தெரிகிற மாதிரி நின்று எடுத்து அனுப்புகிறான். எல்லா வெளிநாட்டுப் போட்டோவும் இப்படித்தான் போல. என்னுடையதையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

திரும்பும் வழியில் அந்தப் பொனியேந்தே நேர் எதிரே. 27 கியர் இருக்கிறது என் சைக்கிளில், ஒன்றும் உதவவில்லை. லேடீஸ் சைக்கிள் கிடைக்காமல் ஜென்ட்ஸ் சைக்கிளை வாங்கி, முன்கம்பியில் என்னையும் பின்னால் அரிசி மூட்டையையும் வைத்து, ஆடிக்காற்றில் புடவையோடு அன்னவாசலிலிருந்து மிதித்து வருவீர்களே. 1992 மகளிர் தினத்தை ஒட்டிப் புதுக்கோட்டையில் 1,500 பெண்கள் கொடி கட்டி மணியடித்துப் போனபோது உங்கள் தலையில் என்ன இருந்தது? கனகாம்பரம். யார் கேட்டது?

அது போகட்டும். அந்த சைக்கிளை எடைக்குப் போடப்போவதாக அப்பா சொன்னார். போட விடாதீர்கள். செயினைக் கழற்றி மண்ணெண்ணெயில் ஊறப்போடச் சொல்லுங்கள். பொங்கலுக்கு வந்தால் நானே பார்க்கிறேன். லீவு இன்னும் கேட்கவில்லை.

எதிர்வீட்டு அண்ணன் அடுத்த மாதம் பார்சிலோனா வருகிறாராம். அவரிடம் சுண்டைக்காய் வற்றல், இட்லிப் பொடி, ஒரு தேங்காய்நார்க் கட்டு கொடுத்துவிடுங்கள். இங்கே பாத்திரம் தேய்க்க விற்கிறதெல்லாம் பஞ்சு. ஊறுகாய் வேண்டாம், போனமுறை அவர் சட்டையெல்லாம் எண்ணெய்.

இப்படிக்கு,
உங்கள் மருமகன்

பி.கு.: மாமாவிடம் ஹெல்மெட் சமாச்சாரத்தைப் படித்துக் காட்டவேண்டாம். ஏற்றத்துக்கு விலக்கு உண்டாம் என்று நார்த்தாமலை போலீஸிடம் வாதாடப் போய்விடுவார்.