செக் நாட்டுச் சீதக்காதிகள்

புகைபிடிப்பவர்களை ஊதாரிகள் என்றும் நாட்டுக்குப் பாரம் என்றும் இத்தனை காலம் ஏசிவந்தோமே, எவ்வளவு பெரிய நன்றிகெட்டதனம்! செக் குடியரசின் கஜானாவுக்கு 1999-இல் மட்டும் அந்தப் புண்ணியவான்கள் சேர்த்துத் தந்த நிகர லாபம் சுமார் 580 கோடி கொருனா. அன்றைய மதிப்பில் ஏறக்குறைய 14.7 கோடி டாலர். உயிரோடிருந்தவரை வரியாகக் கொடுத்தார்கள். அதோடு விட்டார்களா? சீக்கிரம் செத்தும் கொடுத்தார்கள். ஓய்வூதியம் கேட்கவில்லை, முதியோர் இல்லத்தில் இடம் கேட்கவில்லை, வருஷக்கணக்கில் ஆஸ்பத்திரிக் கட்டிலை அடைத்துக்கொண்டு கிடக்கவில்லை. செத்தும் கொடுத்தான் சீதக்காதி என்று நாம் ஒரே ஒரு கீழக்கரை வள்ளலை வைத்துக்கொண்டு பெருமை பேசுகிறோம். அங்கே பெட்டிக்கடைக்குப் பெட்டிக்கடை சீதக்காதிகள்!

இந்த அரிய உண்மையைக் கண்டறிந்து சொன்னது ஆர்தர் டி. லிட்டில் என்ற ஆலோசனை நிறுவனம். காசு கொடுத்துக் கணக்குப் போடச் சொன்னது பிலிப் மாரிஸ், அந்நாட்டுச் சிகரெட் சந்தையின் பெரும்பங்கைக் கையில் வைத்திருந்த கம்பெனி. புகைபிடித்தலின் நன்மைகள் வரிசையில், கலால் வரி, சுங்க வரிக்குப் பக்கத்திலேயே, அகால மரணத்தால் மிச்சமாகும் தொகையும் கூச்சநாச்சமின்றி உட்கார்ந்திருந்தது. அறிக்கையை எழுதியவர்கள் தங்கள் ஓய்வூதியத்தையும் இதேபோல் நாட்டுக்கு விட்டுத்தர முன்வந்தார்களா என்று மட்டும் யாரும் கேட்கவில்லை.

2001 ஜூலையில் விஷயம் பத்திரிகைகளுக்கு வந்தது. அமெரிக்கப் புகையிலை எதிர்ப்பு அமைப்பு ஒன்று, பிணத்தின் கால்விரலில் 1,227 டாலர் என்று எழுதிய சீட்டு தொங்கும் படத்தை விளம்பரமாகப் போட்டது. ஒரு சாவில் அரசுக்கு மிச்சமாகும் தொகை அது. கம்பெனி அலறியடித்துக்கொண்டு மன்னிப்புக் கேட்டது. போலந்து, ஹங்கேரி, ஸ்லோவாக்கியா, ஸ்லோவேனியாவுக்குத் திட்டமிட்டிருந்த இதே மாதிரி ஆய்வுகளைக் கைவிட்டது. சிகரெட் விற்பதை மட்டும் கைவிடவில்லை.

அப்போது முன்னே வருகிறார் பயன்பாட்டுவாதி. மிகப் பலருக்கு மிகுந்த இன்பம் எதுவோ அதுவே அறம் என்னும் கட்சிக்காரர். "எங்கள் தத்துவத்தைக் குறை சொல்லாதீர்கள், இவர்கள் போட்டது அரைக் கணக்கு. செத்தவனின் வேதனையையும் அவன் பெண்டாட்டி பிள்ளைகளின் அழுகையையும் சேர்த்திருந்தால் விடை வேறு" என்கிறார்.

சேர்த்துவிட்டால் போயிற்று. அதற்கும் ஆட்கள் உண்டு. அமெரிக்கச் சாலைப் பாதுகாப்பு நிர்வாகம் 1972-இல் ஓர் உயிருக்கு 2,00,725 டாலர் என்று மதிப்புப் போட்டது. அதற்குள்ளே ஈமச்சடங்குக்கு 900 டாலர். செத்தவர் அனுபவித்த வலிக்கு, மறக்காமல், 10,000 டாலர். அடுத்த ஆண்டு ஃபோர்டு கம்பெனி இதை இரண்டு லட்சமாகச் சுருக்கி எடுத்துக்கொண்டது. வண்டி உருண்டால் எரிபொருள் கசிந்து தீப்பிடிக்காமலிருக்க ஒரு திருத்தம் செய்யவேண்டும்: வண்டிக்கு 11 டாலர், 1.25 கோடி வண்டிக்கு 13.7 கோடி. செய்யாவிட்டால் 180 பேர் கருகிச் சாவார்கள், இன்னும் 180 பேர் கடுமையாக வெந்துபோவார்கள், 2,100 வண்டிகள் எரியும். எல்லாம் சேர்த்து 4.95 கோடி. ஆக, எரியவிடுவதே சிக்கனம் என்று விடை வந்தது. வலி கணக்கில் இல்லையென்று யார் சொன்னது? பத்தாயிரம் டாலராக உள்ளேதான் இருக்கிறது.

"விலை குறைவு, ஏற்றிப் போட்டிருக்க வேண்டும்" என்பார் அடுத்து. ஏற்றுங்கள். நாலு மடங்காக்குங்கள், நாற்பது மடங்காக்குங்கள். அதைவிட ஒரு டாலர் கூடுதலாக யாருக்காவது லாபம் வரும் நாளில் அந்த 180 பேரை எரிக்க உங்கள் தத்துவமே உத்தரவு எழுதித் தரும். தகராறு விலையில் இல்லை ஐயா; விற்கச் சொன்னது யார் என்பதில்.

இந்தக் கணக்கின் ஆதிகுரு ஜெரமி பெந்தாம். அவரிடம் ஒரு நேர்மை இருந்தது. தன் பிணமும் வீணாகக்கூடாது, அறுத்து மாணவர்களுக்குப் பாடம் நடத்துங்கள் என்று எழுதிவைத்தார். 1832-இல் அவர் இறந்ததும் அப்படியே செய்தார்கள். அவர் எலும்புக்கூடு சட்டை போட்டுக்கொண்டு, மெழுகுத் தலையோடு, லண்டன் யுனிவர்சிட்டி காலேஜில் இன்றும் உட்கார்ந்திருக்கிறது. அவர் கொடுத்தது தன் உடம்பை. சீடர்கள் தாராளமாகக் கொடுப்பதெல்லாம் அடுத்தவன் உடம்பை.

கணக்கே கூடாதென்று சொல்லவில்லை. இருக்கும் தடுப்பூசி மருந்தை எந்த ஊருக்கு முதலில் அனுப்புவது என்று எண்ணித்தான் முடிவெடுக்க வேண்டும். அங்கே எண்ணுவது காப்பாற்ற. செத்தவனை வரவில் எழுத அல்ல.

தத்துவ அறிஞர் ஜான் ரால்ஸ் 1971-இலேயே பயன்பாட்டுவாதத்தின் வேரைத் தொட்டார்: மனிதர்கள் தனித்தனி ஆட்கள் என்பதை இந்தத் தத்துவம் பொருட்படுத்துவதே இல்லை. முதுமைக்காக ஒருவன் இளமையில் வயிற்றைக் கட்டிச் சேர்த்தால் அது சிக்கனம். பட்டினி கிடந்தவனும் பின்னால் சாப்பிடப்போகிறவனும் ஒரே ஆள். பிராகில் ஒருவன் நுரையீரல் அழுகிச் செத்து, அவன் ஓய்வூதியம் கஜானாவில் தங்கினால் அதற்குப் பெயர் சிக்கனமா? அவனுக்கு ஒரு நெஞ்சு இருந்தது, அது வலித்தது, நின்றது. கூட்டிப் போட்ட மொத்தத்துக்கோ நெஞ்சும் இல்லை, வயிறும் இல்லை. மொத்தம் என்று ஒரு ஆள் எந்த ஊரிலும் பிறந்ததில்லை. அந்தப் பிறக்காதவன் பெயரைச் சொல்லிச் செத்தவன் பங்கை வாங்கிப்போகிறவன் மட்டும் எல்லா ஊரிலும் இருக்கிறான். அவனுக்குத்தான் இந்த அறம் தேவைப்படுகிறது.