நாலு ஸ்லாட், ரெண்டு ஆக்ஸில்

எங்கள் வீட்டில் எந்தச் சாமான் வாங்குவதானாலும் விசாரிக்கும் இலாகா என்னுடையது. வாங்கும் இலாகா என் மனைவியுடையது. நான் விசாரித்து முடிப்பதற்குள் அந்தச் சாமானின் புது மாடல் வந்துவிடும். அதனால் நான் பட்டியலோடு உட்கார்ந்திருக்கும்போதே அவள் போய் வாங்கிவந்துவிடுவாள். கிரைண்டர், தண்ணீர் மோட்டார், மாடிக்குத் தகரக் கூரை எல்லாம் அப்படி வந்தவைதான். அவற்றைப் பற்றி எனக்கு இருக்கும் ஞானம் இன்றுவரை பெட்டி பிரிக்காமல் அப்படியே இருக்கிறது.

கம்ப்யூட்டர் மட்டும் விதிவிலக்கு. அதன் மூடியைத் திறந்தால் உள்ளே எது என்ன என்று என் மனைவிக்குத் தெரியாது. எனக்கும் தெரியாது என்பது அவளுக்குத் தெரியாது. எனவே மகனுக்குப் புது கம்ப்யூட்டர் சேர்க்கும் பொறுப்பு முழுசாக என் கைக்கு வந்தது. அவன் சென்னைக் கம்பெனி ஒன்றுக்கு நாமக்கல் வீட்டு மாடியிலிருந்தே வேலை செய்கிறான். ஒரே பெட்டிக்குள் ஏழெட்டு கம்ப்யூட்டர் தனித்தனியாக ஓடுவதாகப் பாவனை பண்ணும் வேலையாம். ஒவ்வொன்றும் தனக்கென்று மெமரியைப் பிடித்துவைத்துக்கொள்ளும். "நூறு ஜிபி பக்கமா வேணும்ப்பா. வேகம் முன்னப்பின்ன இருந்தாப் பரவால்ல, நடுவுல தொங்கக் கூடாது" என்று ஒரே மூச்சில் சொல்லிவிட்டான். விஷயம் அதிலேயே முடிந்துவிட்டது. ஆனால் ஒரே மூச்சில் முடிகிற விஷயத்தை நம்பி ஓர் இலாகாவை நடத்த முடியுமா?

அந்தப் பெட்டியில் எனக்கும் ஒரு பங்கு உண்டு. நாமக்கல் மண்டலத்துக்குத் தேசிய முட்டை ஒருங்கிணைப்புக் குழு அறிவிக்கும் முட்டை விலையைத் தினமும் எக்செல்லில் குறித்துவைக்கிறேன். எனக்குப் பண்ணை கிடையாது. ஒரு கோழிகூடக் கிடையாது. தீவனக் கடையில் கணக்கு எழுதிய காலத்துப் பழக்கம், விடவில்லை. பழைய கம்ப்யூட்டரில் அந்தப் பட்டியல் திறக்கும் நேரத்தில் ஒரு ஆம்லெட் போட்டுச் சாப்பிட்டுவிடலாம். சில காலைகளில் அப்படியே செய்தும் வந்தேன்.

மெமரி என்றால் ராம் ஸ்டிக். அது நிற்க மதர்போர்டில் நீளவாக்கில் ஸ்லாட் உண்டு. நாலு ஸ்லாட், ஒவ்வொன்றிலும் 32 ஜிபி, ஆக 128. கணக்கு அழகாக வந்தது. அதைவிடவும், ஒரு ஸ்லாட்டும் காலியாக இருக்காது. காசு கொடுத்து வாங்கிய பொருளில் காலி இடம் கிடந்தால் எனக்குத் தூக்கம் வராது. ஆகவே நாலையும் நிரப்பினாலும் ஆடாமல் அசையாமல் ஓடும் மதர்போர்டு எது என்பதை என் ஆராய்ச்சியின் தலைப்பாக வைத்துக்கொண்டு சேலத்துக்குப் பஸ் ஏறினேன்.

கடைத் தம்பி ஒரு பெட்டியைப் பிரித்து மேஜையில் வைத்தான். அட்டையில் 8000 என்று பெரிய எழுத்தில் போட்டிருந்தது. உள்ளே கரும்பலகை மாதிரியான போர்டில், பிராசஸர் உட்காரும் சதுரத்துக்கு வலப்பக்கம் நாலு ஸ்லாட்டும் நெருக்கி நின்றன. கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, செல்போன் டார்ச்சை அடித்துப் பார்த்தால் ஓரத்தில் எறும்பு அளவில் ஏ1, ஏ2, பி1, பி2 என்று அச்சு. நான் விரலால் நாலையும் தொட்டு, "இதுல நாலும் போட்டா 8000 வருமா தம்பி?" என்றேன்.

"நாலு போட்டா அந்த வேகம் வராதுங்ணா."

"அப்புறம் எதுக்கு நாலு?"

"அது... இருக்குதுங்ணா."

இதைவிட நேர்மையான பதிலை அதன் பிறகு நான் படித்த எந்தக் கையேட்டிலும் பார்க்கவில்லை. பிராசஸர் செய்கிறவர்களே இதை எழுதித்தான் வைத்திருக்கிறார்கள். ஏஎம்டி 2022இல் கொண்டுவந்த ரைசன் 7000 வரிசைக்கு அந்த நிறுவனம் பொறுப்பேற்கும் மெமரி வேகம், இரண்டு ஸ்டிக் என்றால் 5200. நாலு என்றால் 3600. வினாடிக்கு எத்தனை மில்லியன் முறை தகவல் கைமாறுகிறது என்பதுதான் இந்த எண். 2024இல் வந்த 9000 வரிசையில் இரண்டுக்கு 5600 ஆக உயர்த்தினார்கள்; நாலுக்கு அதே 3600. முந்தைய மெமரித் தலைமுறையான டிடிஆர்4 காலத்தில் இறக்கம் இவ்வளவு செங்குத்தாக இல்லை. ரைசன் 5000 வரிசையில் 3200 ஆக இருந்தது, நாலு போட்டால் 2933க்கோ 2667க்கோ இறங்கும், அவ்வளவுதான். டிடிஆர்5 வந்து வேகம் ஏற ஏற, கூட்டம் அதற்கு ஆகாமல் போய்விட்டது. அட்டைப் பெட்டியில் இருக்கும் 8000, அனுமதித்த வரம்பை மீறி ஓட்டிப் பார்க்கிற ஓவர்கிளாக் கணக்கு.

காரணத்தைத் தேடி வீட்டில் உட்கார்ந்து படித்தேன். பிராசஸரிலிருந்து மெமரிக்கு இரண்டு சேனல்தான் போகிறது. ஒவ்வொரு சேனலிலும் இரண்டு ஸ்லாட் தொங்குகின்றன. அந்தக் கம்பித்தடத்தை இழுப்பதில் இரண்டு முறை உண்டு. டெய்சி செயின் முறையில் தடம் முதல் ஸ்லாட்டைத் தொட்டுவிட்டு இரண்டாவதில் போய் முடியும். டி-டோபாலஜியில் நடுவில் பிரிந்து இரண்டுக்கும் சம தூரத்தில் போகும். நாலையும் நிரப்புகிறவனுக்குப் பின்னது நல்லது. இரண்டே போட்டு வேகமாகப் போகிறவனுக்கு முன்னது நல்லது. இன்று கடைக்கு வரும் டிடிஆர்5 போர்டுகள் பெரும்பாலும் டெய்சி செயின்தான். அதில் இரண்டு ஸ்டிக் மட்டும் போடுவதானால், ஏ2, பி2 என்ற கடைசி ஸ்லாட்டுகளில் போடச் சொல்கிறார்கள். முன்னால் இருப்பதில் போட்டால், மிச்சத் தடம் ஆளில்லாமல் நீண்டு கிடந்து, போன சிக்னல் முட்டித் திரும்பிவந்து குழப்பும்.

இதையெல்லாம் சாப்பாட்டு நேரத்தில் விளக்கினேன். மனைவி ரசத்தை ஊற்றிவிட்டு, "ஏங்க, உங்களுக்கே புரியுதுங்களா?" என்றாள். புரிகிறது என்பதை நிரூபிக்க, லாரிக்கு பாடி கட்டும் பட்டறை வைத்திருக்கிற அவள் தம்பியைத் தேடிப்போனேன். கம்ப்யூட்டரைப் பற்றி ஒன்றும் தெரியாத ஆள், தலையாட்டிக் கேட்பான் என்ற தைரியம்தான்.

அவன் வேஸ்ட் துணியில் கையைத் துடைத்தபடி கேட்டான். நான் பேப்பரில் படம் வரைந்து முடிப்பதற்குள், "அட, இது ஆக்ஸிலுங்க மாமா" என்றான்.

"எது?"

"சேனலுங்கறீங்களே, அது. ஸ்லாட்டுங்கறது பாடி. பாடிய நீங்க கேக்கற நீளத்துக்கு நான் கட்டிக் குடுத்துருவேன். ஆக்ஸிலு கம்பெனி குடுத்ததுதானுங்களே? ரெண்டு ஆக்ஸிலு வண்டில நீளமா பாடி கட்டி ரொம்ப ஏத்துனா வண்டி நகராதுன்னு இல்லீங்க. மெதுவாப் போகோணும். வெறும் வண்டியாட்டம் முடுக்குனா எங்காவது கவுந்துரும்."

பல ராத்திரிகள் கண் விழித்து நான் எட்டிய இடத்துக்கு அவன் டீ ஆறுவதற்குள் வந்துவிட்டான். விடக்கூடாது என்று அடுத்த பாடத்தை எடுத்தேன். பயாஸில் எக்ஸ்எம்பி, எக்ஸ்போ என்று ஒரு சுவிட்ச் இருக்கிறது, அதைப் போட்டால் ஸ்டிக்கில் எழுதியிருக்கும் 6000 வேகத்துக்கு போர்டு அனுமதி கொடுத்துவிடும் என்றேன்.

"2018ல ஆக்ஸிலுக்கு இன்னும் கொஞ்சம் ஏத்திக்கலாம்னு கவர்மெண்டுல ஆர்டர் போட்டாங்க மாமா. ஆர்டரு பேப்பர்ல இருக்குது. ஆக்ஸிலுக்குப் படிக்கத் தெரியுமுங்களா?"

கவிழ்வது என்றால் கம்ப்யூட்டரில் நீலத் திரை வந்து நின்றுவிடுவது. அதுவாவது தேவலாம், கண்ணுக்குத் தெரியும். இன்னொரு வகை உண்டு: ஒன்றும் நிற்காது, எங்கோ ஒரு பிட் மட்டும் புரண்டு, எழுதியது ஒன்று, சேமித்தது வேறொன்று என்றாகிவிடும். டிடிஆர்5 சிப்புக்குள்ளேயே பிழையைத் திருத்தும் ஏற்பாடு இருக்கிறது என்று விளம்பரம் சொல்வது உண்மைதான். ஆனால் அது சிப்புக்குள் நடந்ததைத்தான் திருத்தும். சிப்புக்கும் பிராசஸருக்கும் நடுவே வழியில் சிதறியது அதன் கணக்கில் வராது. அதற்குத் தனியாக இசிசி ஸ்டிக்கும் அதை ஏற்கும் போர்டும் வேண்டும். என் முட்டை விலை ஒரு நாள் திடீரென்று இறங்கியிருந்தால், நான் பண்ணைக்காரர்களுக்காக வருத்தப்படுவதா, ஸ்டிக்கைச் சந்தேகப்படுவதா?

மச்சான் சொன்ன கணக்கை வைத்து, ஆக்ஸில் கூடின வண்டி உண்டா என்றும் விசாரித்தேன். இருக்கிறது. 2023இல் வந்த த்ரெட்ரிப்பர் 7000 வரிசையும் அதற்கான டிஆர்எக்ஸ்50 போர்டும். அதில் நாலு சேனல். நாலு ஸ்லாட் வைத்த போர்டானால் ஸ்லாட்டுக்கு ஒரு சேனல், நிரப்பினாலும் நெரிசல் இல்லை. மெமரியும் சாதாரண ஸ்டிக் இல்லை, ரெஜிஸ்டர்ட் வகை. பிராசஸர் மட்டுமே லட்சத்தைத் தாண்டியது. விலையை மனைவியிடம் சொல்லவில்லை. அவளாகக் கேட்டபோது, "அது ஆபீசுக்காரங்க வாங்கறது" என்று இலாகாவின் கௌரவத்தைக் காப்பாற்றினேன்.

சாதாரண போர்டிலேயே நாலையும் நிரப்பத்தான் வேண்டும் என்கிறவர்களுக்கு நான் சேகரித்ததைக் கொடுத்துவிடுகிறேன். என் வீட்டில் கேட்க ஆளில்லை. போர்டு கம்பெனியின் தளத்தில் கியூவிஎல் என்று ஒரு பட்டியல் இருக்கும். அதில் ஸ்டிக்கின் பெயர் இருந்தால் மட்டும் சந்தோஷப்படக் கூடாது. ஒன்று, இரண்டு, நாலு என்று கட்டம் போட்டிருப்பார்கள், நாலாம் கட்டத்தில் டிக் இருக்க வேண்டும். நாலு ஸ்டிக்கையும் ஒரே கிட்டாக வாங்க வேண்டும். இப்போது இரண்டு, தீபாவளி போனஸில் இரண்டு என்று தவணையில் வாங்கினால், பெயர் ஒன்றாக இருந்தாலும் உள்ளே சிப் வேறாக இருக்கலாம். 3600இல் ஓடினால் அதோடு சமாதானமாகிவிட வேண்டும். நாலும் ஒட்டி நின்றால் நடுவில் இருப்பவற்றுக்குக் காற்று படாது. 85 டிகிரிக்கு மேல் போனால் மெமரி தன்னை இரு மடங்கு அடிக்கடி புதுப்பித்துக்கொள்ள வேண்டியிருக்கும். நம் பக்கத்து மே மாதத்தில் தகரக் கூரைக்குக் கீழ் வைக்கிறவர்கள் இதை இருமுறை படிக்கவும்.

இந்த ஆராய்ச்சிக்கு நடுவே 2025 கடைசியில் ராம் விலை ஏறத் தொடங்கியது. செயற்கை நுண்ணறிவுக்கான டேட்டா சென்டர்கள் மெமரியை வாரிக்கொண்டு போகின்றன. மைக்ரான் நிறுவனமோ க்ரூஷியல் என்ற பெயரில் நம்மைப் போன்றவர்களுக்கு விற்றுவந்த வியாபாரத்தையே விட்டுவிடுவதாக டிசம்பரில் அறிவித்துவிட்டது. முட்டை விலையைத் தினம் குறிக்கிற நான், ராம் விலையைக் குறிக்காமல் விட்டிருப்பேனா? அடுத்த ஷீட்டில் ஒழுங்காக ஏறிக்கொண்டு போனது. அதை மகன் பார்த்துவிட்டான். "அப்பா, நீங்க இன்னும் ஆராய்ச்சி பண்ணுனா நமக்கு வாங்கக் கட்டாது."

அதற்குள் எனக்கும் விடை கிடைத்திருந்தது. நாலு ஸ்லாட் போர்டை நிரப்ப முடியாமல் தவிப்பானேன்? இரண்டே ஸ்லாட் வைத்த போர்டு வாங்கினால் என்ன? சேனலுக்கு ஒரு ஸ்லாட். ஆளில்லாத தடம் இல்லை. ஏ2வா பி2வா என்று டார்ச் அடிக்க வேண்டியதில்லை. வேகத்தில் சாதனை படைக்கவென்றே செய்யும் விலை உயர்ந்த போர்டுகள் சிலவற்றிலும் வேண்டுமென்றே இரண்டு ஸ்லாட்தான் வைக்கிறார்கள்; அடிமட்ட விலைப் போர்டுகளிலும் பெரும்பாலும் இரண்டுதான். நான் எந்தக் கோடியில் வாங்கினேன் என்று சொல்ல வேண்டியதில்லை. 2023இலிருந்தே 48 ஜிபி ஸ்டிக் வருகிறது. இரண்டு போட்டால் 96. மகன் கேட்ட நூறுக்குப் பக்கம். முக்கியமாக, ஒரு ஸ்லாட்டும் காலியில்லை.

முதல் தடவை சுவிட்ச் போட்டதும் திரை கருப்பாகவே நின்றது. போர்டில் ஒரு சின்ன விளக்கு மட்டும் எரிந்தது. "அவ்வளவுதானா?" என்று மனைவி கேட்டாள். டிடிஆர்5 முதலில் ஒவ்வொரு தடத்தையும் அளந்து பார்த்துப் பழகிக்கொள்ளும், அதற்குச் சில நிமிஷம் ஆகும், நடுவில் அணைக்கக் கூடாது என்று விளக்கினேன். குரல் மட்டும் கொஞ்சம் நடுங்கியது. பிறகு திரை வந்தது.

அன்று ராத்திரி மெம்டெஸ்ட் ஓடவிட்டேன். மெமரியின் ஒவ்வொரு மூலையிலும் எழுதி, திருப்பிப் படித்து, பிழை இருக்கிறதா என்று தேடும் சோதனை அது. நடுவில் கரண்ட் போய்விட்டது. மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்து, பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்தேன். விடிவதற்குக் கொஞ்சம் முன்னால் சோதனை முடிந்தது. பிழை: 0. எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. மகனை எழுப்பினேன், மனைவியை எழுப்பினேன். இருவரும் கண்ணைக் கசக்கிக்கொண்டு திரைமுன் நின்றார்கள். நான் அந்தப் பூஜ்யத்தை விரலால் தொட்டுக் காட்டினேன்.

மனைவி திரையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

"ஏங்க, ஒண்ணுமில்லைன்னு காட்டறதுக்கா எழுப்புனீங்க?"