பிள்ளையார் இழுத்த மின்சாரம்

கம்பெனியிலிருந்து வந்த கோலத்திலேயே காரை ஓட்டுவது, கல்யாணப் பெண்ணை மூளிக் கழுத்தோடு மணவறையில் உட்காரவைப்பது மாதிரி என்பது என் மச்சினனின் கொள்கை. எனக்கென்று தனிக் கொள்கை கிடையாது. கார் விஷயத்தில் அவன் சொல்வதையும் மற்ற எல்லா விஷயங்களிலும் அவன் அக்கா சொல்வதையும் கேட்டு நடப்பவன் நான்.

அலங்காரத்துக்கு ஷோரூமிலும் ஏற்பாடு இருந்தது. 'பேசிக் கிட்' என்று ஒரு தாளை நீட்டினார்கள். சீட் கவர், மேட், கதவு வைசர், ரிவர்ஸ் கேமரா, இன்ன பிற. மொத்தம் 38,000 ரூபாய். மச்சினன் தாளை வாங்கி மேலும் கீழும் பார்த்துவிட்டு என் காதில் சொன்னான்: "மாமா, இதே சரக்கு ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டுல பாதி விலை."

பாதி விலை என்ற இரண்டு சொற்களுக்கு முன்னால் நான் என்றைக்குமே நின்றதில்லை. அடுத்த ஞாயிற்றுக்கிழமை பேட்டர்ஸ் ரோட்டில், நடைபாதையில் பாதியும் சாலையில் பாதியுமாகக் காரை நிறுத்தி, ஒரு பையன் டிக்கிக்குள் தலையை விட்டுக்கொண்டிருந்தான். ரிவர்ஸ் கேமரா, விண்ட்டோன் ஹாரன், காலடியில் நீல விளக்கு, சீட் கவர் எல்லாம் ஏறின. கறுப்பு ஃபிலிம் ஒட்டலாம் என்றான் மச்சினன். அதை உச்ச நீதிமன்றம் 2012-லேயே தடுத்துவிட்டது என்று சொல்லித் தப்பித்தேன். முன்னால் பெரிய கம்பி வளையம் வைக்கலாம் என்றான். அதற்கும் மத்திய அரசின் தடை இருக்கிறது என்றேன். "சட்டம் தெரிஞ்ச ஆளுங்களோட கடைக்கு வரவே கூடாது" என்றான். அந்தப் பாராட்டு என் மண்டைக்குள் தங்கிவிட்டது. பின்னால் நடந்தவற்றுக்கெல்லாம் அதுதான் வித்து.

வேலை முடித்த பையன் கையைத் துடைத்துக்கொண்டு, "ஒரு ஒயரைக்கூட கட் பண்ணல சார். எல்லாம் கப்ளர் டு கப்ளர்" என்றான். அர்த்தம் புரியாவிட்டாலும் கம்பீரமாகத் தலையாட்டினேன். கடைசியாக டாஷ்போர்டுக்கு ஒரு பிள்ளையார் வாங்கினோம். சோலார் பிள்ளையார். வெயில் பட்டால் பின்னால் ஒளிவட்டம் சுற்றும். அவருக்கும் காருக்கும் உள்ள ஒரே சம்பந்தம் இரண்டு பக்கமும் ஒட்டும் டேப் ஒரு துண்டு.

இரண்டாம் வருஷத்து அக்னி நட்சத்திரத்தில் ஏசி காற்று வெறும் காற்றாயிற்று.

சர்வீஸ் சென்டரில் காரைத் தவிர மற்ற எல்லாவற்றுக்கும் ஏசி நன்றாக வேலை செய்தது. அட்வைசர் தம்பி, கழுத்தில் டை, கையில் டேப்லெட். வெகு மரியாதையான பிள்ளை. கெட்ட செய்தியைச் சொல்லுமுன் காபி வாங்கிக் கொடுத்தார். "கூலிங் காயில் லீக் சார். டாஷ்போர்டு முழுக்க இறக்கணும். பார்ட்ஸ், லேபர், கேஸ் எல்லாம் சேர்த்து 26,000 வரும்."

"வாரண்டி இருக்கே?"

"இருக்கு சார். ஆனா நீங்க வெளியில ஃபிட்டிங்ஸ் போட்டிருக்கீங்க. எலக்ட்ரிக்கல் லோடு ஆயிருக்கும். வாரண்டி ரிஜெக்ட்."

டேப்லெட்டைத் திருப்பிக் காட்டினார். 'வெளிச்சந்தை உபகரணங்கள்' என்ற தலைப்பில் ஐந்து இருந்தன. ஹாரன், கேமரா, கால் விளக்கு, சீட் கவர். ஐந்தாவதாக, 'டாஷ்போர்டு லைட்டிங் (சாமி)'.

எனக்கு மின்சாரம் பற்றி அதிகம் தெரியாது. வீட்டில் ஃபியூஸ் போனால் முதலில் பக்கத்து வீட்டில் கரண்ட் இருக்கிறதா என்று பார்ப்பதோடு என் ஞானம் முடிந்துவிடும். ஆனாலும், தன் சோற்றைத் தானே சூரியனிடம் வாங்கிச் சாப்பிடுகிற ஒரு பிள்ளையார், காரின் பேட்டரியிலிருந்து மின்சாரம் இழுத்து, ஏசியின் கூலிங் காயிலில் ஓட்டை போட்டார் என்பதை என்னால் ஏற்கமுடியவில்லை. நாத்திகனும் ஏற்கமாட்டான்.

கூலிங் காயில் என்பது அலுமினியத்தில் செய்த சமாசாரம். டாஷ்போர்டுக்குப் பின்னால் ஒரு பெட்டிக்குள் ஒளிந்திருக்கும். அதற்குள்ளே ஓடுவது கேஸ். அதன்மேல் அடிப்பது ஃபேன் காற்று. ஈரமும் தூசியும் அரித்தோ, தயாரிக்கும்போதே பற்றவைப்பு சரியில்லாமலோ ஓட்டை விழும். ஹாரன் சத்தத்தில் விழாது. இதையெல்லாம் சொன்னேன். அட்வைசர் அனுதாபத்தோடு கேட்டார். "நீங்க சொல்றது கரெக்ட் சார். ஆனா சிஸ்டம் எடுக்கமாட்டேங்குது." நம் நாட்டில் மனிதர்கள் யாரும் எதையும் மறுப்பதில்லை. சிஸ்டம்தான் மறுக்கிறது.

"சீட் கவர் எதுக்கு லிஸ்ட்ல இருக்கு?" என்றேன்.

"பொதுவா எல்லாத்தையும் போட்டுடுவோம் சார்."

அன்றிரவு, வாரண்டி புத்தகத்தை முதல் பக்கத்திலிருந்து கடைசிவரை படித்தேன். தமிழ்நாட்டில் அதைச் செய்த முதல் கார்க்காரன் நானாகக்கூட இருக்கலாம். வெளிப் பொருள்களைப் பொருத்தியதால் ஏற்படும் சேதத்துக்கு வாரண்டி கிடையாது என்று இருந்தது. வெளிப் பொருள் ஒன்றைப் பொருத்தினாலே வண்டி முழுவதற்கும் வாரண்டி போய்விடும் என்று எங்கும் இல்லை. சேதத்துக்கும் பொருளுக்கும் முடிச்சு இருக்கவேண்டும். சர்வீஸ் சென்டரில் அந்த முடிச்சைப் போடாமலே மாலை கட்டியிருந்தார்கள்.

கம்பெனிக்காரர்கள் பக்கம் நியாயமே இல்லை என்றும் சொல்லமாட்டேன். பேட்டர்ஸ் ரோட்டில் மச்சினன் ஹெட்லைட்டுக்கு 90/100 வாட் பல்பும் போடச் சொன்னான். கம்பெனி போட்டிருப்பது 55/60. அறுபது வாட் பல்பு 12 வோல்ட்டில் 5 ஆம்பியர் இழுக்கும். நூறு வாட் என்றால் எட்டுக்கு மேல். ஒயர் அதே பழைய ஒயர். ரிலே வைக்காமல் மாட்டினால் ஹோல்டர் உருகும், ஒயரும் சூடேறும். அப்படி எரிந்த வண்டியோடு போய் வாரண்டி கேட்டால் விரட்டுவதுதான் முறை. சைடு ஏர்பேக் உள்ள சீட்டில் இறுக்கமாகக் கவர் போட்டுத் தைத்துவிட்டு, ஏர்பேக் விரியவில்லை என்று அழுதாலும் அப்படியே. நான் அவற்றையெல்லாம் செய்யவில்லை. கேமரா, ரிவர்ஸ் கியர் போட்டால் மட்டும் விழித்துக்கொள்ளும் ஓரிரண்டு வாட் பிராணி.

இதற்குப் பிறகுதான் எனக்குள் இருந்த சட்ட நிபுணர் வெளியே வந்தார். காலையில் பல் தேய்க்கும்போதே வாதாட ஆரம்பித்தேன். அமெரிக்காவில் 1975-லேயே இதற்கு ஒரு சட்டம் வந்துவிட்டது, எங்கள் பெயர் போட்ட பாகத்தைத்தான் மாட்டவேண்டும் என்று வாரண்டிக்கு நிபந்தனை விதிக்க அங்கே முடியாது என்று மனைவியிடம் விளக்கினேன். "நாம இருக்கறது நங்கநல்லூர்ல" என்றாள். சரி, இந்தியாவுக்கு வந்தேன். 2014 ஆகஸ்டில் இந்தியப் போட்டி ஆணையம் 14 கார் கம்பெனிகளுக்குச் சேர்த்து 2,500 கோடி ரூபாய்க்கு மேல் அபராதம் போட்டது. உதிரி பாகங்களை வெளிச்சந்தைக்கு விடாமல் அடைத்துவைத்ததற்காக. வெளி மெக்கானிக்கிடம் போனார் என்பதற்காக மட்டும் வாரண்டியை மொத்தமாக ரத்து செய்யக்கூடாது, அந்த வேலையால் கெட்டது என்றால்தான் மறுக்கலாம் என்றும் சொன்னது. கம்பெனிகள் மேல்முறையீட்டுக்குப் போயின. அந்தக் கதை எதுவரை போயிற்று என்று நான் சொல்லத் தொடங்கியபோது சமையலறையில் மிக்சி ஓட ஆரம்பித்தது. அவசியமில்லாத நேரத்தில் மிக்சி ஓட்டுவது எங்கள் வீட்டில் ஒரு வாத முறை.

நான் எழுதிய புகார்க் கடிதம் நான்கு பக்கம். ஆரம்பத்தில் இயற்கை நீதி, நடுவில் அமெரிக்கா, கடைசியில் பிள்ளையார். மனைவி படித்தாள். அவள் ஓர் இன்சூரன்ஸ் அலுவலகத்தில் க்ளைம் பிரிவில் இருப்பவள். சிவப்புப் பேனா எடுத்தாள்.

"க்ளைமை எப்படி மறுப்பாங்கன்னு எனக்குத் தெரியும்ங்க. நாங்களும் அப்படித்தான் மறுப்போம். வாயால சொல்றதை எழுத்துல கேளுங்க. எழுதச் சொன்னா பாதிப் பேருக்குக் கை வராது."

நான்கு பக்கம் அரைப் பக்கமாயிற்று. கெட்டுப்போனது எந்தப் பாகம்? அதைக் கெடுத்தது எந்த உபகரணம்? எப்படிக் கெடுத்தது? மூன்றுக்கும் கையெழுத்துப் போட்டுப் பதில் வேண்டும். ஜாப் கார்டின் நகலும், கழற்றும்போது எடுத்த படமும் வேண்டும். அவ்வளவுதான் கடிதம். இயற்கை நீதி அடிபட்டதில் எனக்கு இன்னும் வருத்தம் உண்டு.

தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இலும் புகாரைப் பதிவு செய்தோம். அதுவும் பலிக்காவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். 2019-ஆம் ஆண்டுச் சட்டப்படி, வண்டி எங்கே வாங்கினாலும் நாம் குடியிருக்கும் ஊரிலேயே வழக்குப் போடலாம். இரண்டு வருஷத்துக்குள் போடவேண்டும். வக்கீல் கட்டாயமில்லை. நாம் கொடுத்த விலையைப் பொறுத்துக் கட்டணம். எங்கள் வண்டி 8 லட்ச ரூபாய். 5 முதல் 10 லட்சம் வரை கட்டணம் 200 ரூபாய். சோலார் பிள்ளையாரின் விலை 350. நீதி அவரைவிட மலிவு என்று தெரிந்ததும் எனக்கு உற்சாகம் தாங்கவில்லை. பொருளைச் சோதிக்கவேண்டுமென்றால் ஆணையமே ஆய்வகத்துக்கு அனுப்பலாமாம். சீட் கவரை ஆய்வகத்தில் கண்ணாடிக்கடியில் வைத்துப் பார்க்கும் விஞ்ஞானிகளை நினைத்துக்கொண்டே தூங்கினேன். கறுப்புக் கோட்டுக்கு அளவெடுக்கலாமா என்றும் ஒரு யோசனை இருந்தது. வெயில் காலம் என்பதால் ஒத்திவைத்தேன்.

கோட்டுக்கு வேலை வைக்காமல் கம்பெனியின் ஏரியா மேனேஜரே வந்துவிட்டார். அனுபவஸ்தர். நாற்காலியில் உட்காராமல் நேரே வண்டிக்குப் போனார். சிஸ்டத்துக்குள் டை என்னும் சாயத்தை ஏற்றி, புற ஊதா விளக்கைப் பிடித்துப் பார்த்தார்கள். காயிலின் ஓரத்தில் பச்சையாக மினுங்கியது. பிறகு கேமரா ஒயரைப் பிடித்துக்கொண்டே பின்னால்வரை போனார். ஹாரனைப் பார்த்தார். எங்கும் வெட்டு இல்லை, ஒட்டு இல்லை, கறுப்பு டேப் சுற்றல் இல்லை.

"கப்ளர் டு கப்ளர்" என்றேன். இத்தனை நாள் காத்துவைத்திருந்த மந்திரம்.

அவர் என்னை மெக்கானிக் என்று நினைத்துவிட்டார் போலும். மரியாதையாகத் தலையசைத்தார். அட்வைசரைத் தனியாகக் கூப்பிட்டுப் பேசினார். திரும்பி வந்து, "குட்வில் பேஸிஸ்ல பண்ணித் தர்றோம் சார். பார்ட்ஸ், லேபர் ரெண்டும் ஃப்ரீ" என்றார்.

இங்கேதான் எனக்குச் சுருக்கென்றது. வாரண்டி என்பது என் உரிமை. குட்வில் என்பது அவர் கருணை. மறுத்தது தவறு என்று ஒப்புக்கொண்டு வாரண்டியில்தான் செய்து தரவேண்டும், உபகரணங்களால் கெடவில்லை என்று எழுதியும் தரவேண்டும் என்று ஆரம்பித்தேன். ஏரியா மேனேஜர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். மனைவி கைக்குட்டையால் நெற்றியைத் துடைத்துக்கொண்டாள். "குட்வில்லே போடுங்க சார். சாயந்திரம் வண்டி கிடைக்குமா?"

சாயந்திரம் கிடைக்கவில்லை. டாஷ்போர்டு இறக்கி ஏற்றுவது அவ்வளவு லேசான வேலையல்ல. மறுநாள் கிடைத்தது. ஏசி ஜில்லென்று இருந்தது. பிள்ளையாரைப் புது டேப் போட்டு அவர்களே ஒட்டியிருந்தார்கள். அதற்கு பில்லில் ஒன்றும் போடவில்லை. சாவியைக் கொடுத்த அட்வைசர் போகாமல் பக்கத்திலேயே நின்றார்.

"சார், ஒரு சின்ன ரிக்வெஸ்ட். கம்பெனியிலேர்ந்து போன் வரும். சர்வீஸுக்கு எத்தனை மார்க்னு கேப்பாங்க. பத்துக்குப் பத்து சொல்லிடுங்க சார். ஒன்பது சொன்னாலும் என் இன்சென்டிவ் போயிடும்."

எனக்கு ஏற்பட்ட மகிழ்ச்சியைச் சொல்லி முடியாது. நான் கேட்டபோது எழுதித் தராதவர்களின் மார்க் ஷீட் இப்போது என் கையில். போன் வந்தால் என்ன சொல்வது என்று பட்டியல் போட்டேன். காரணம் காட்டாமல் மறுத்ததற்கு இரண்டு மார்க் குறைவு, சீட் கவருக்கு ஒன்று, பிள்ளையார் அவமதிப்புக்கு மூன்று, காபிக்காக ஒன்று கூட்டல்.

கிண்டி மேம்பாலத்தில் போகும்போது போன் வந்தது. நான் ஓட்டிக்கொண்டிருந்ததால் மனைவி எடுத்தாள். ஏசியை இன்னொரு புள்ளி கூட்டிவைத்துவிட்டு, "பத்து" என்றாள். மறுமுனையில் பேசிய பெண் வேறு ஏதோ கேட்டாள் போலிருக்கிறது.

"இல்லைங்க, எங்களுக்கு வேற எந்தக் குறையும் இல்லை. அவருக்கு இருந்தா வீட்டுல சொல்லிப்பாரு."