விக்கினங்கள் வழியாக விநாயகரிடம்

தாம்பரத்திலிருந்து திருவனந்தபுரம் பழவங்காடிக்குக் காரில் பன்னிரண்டு, பதின்மூன்று மணி நேரத்தில் போய்விடலாம் என்கிறது கைப்பேசியில் உள்ள வரைபடம். பாவம், அதற்குச் சொந்தக்காரர்கள் கிடையாது. எங்களுக்குத் திருச்சியில் சித்தப்பா, மதுரையில் மனைவியின் பெரியம்மா, பாளையங்கோட்டையில் பெரியப்பா, நாகர்கோவிலில் சின்னச் சித்தப்பா. தேனி, கம்பம் என்று தள்ளியிருந்தால் 'ரூட்டு சேரலை' என்று சொல்லித் தப்பிக்கலாம். இவர்களோ நாற்கரச் சாலையைத் திட்டம் போட்டபோதே இடம் வாங்கியவர்கள்போல அதை ஒட்டியே குடியிருக்கிறார்கள்.

பயணத்துக்குக் காரணம் ஒரு பழைய கார். செகண்ட் ஹேண்டில் வாங்கியதைப் பழவங்காடி அத்தைக்குப் போனில் சொன்னேன். "வண்டி பழசானா என்ன மக்கா, உனக்குப் புதுசுதானே? பழவங்காடிப் பிள்ளையாருக்கு விடலைத் தேங்காய் போடாம அதை ஓட்டப்பிடாது" என்றாள். ஓட்டாமல் எப்படி அங்கே கொண்டுவருவது என்று கேட்டேன். "மெதுவா ஓட்டிட்டு வா" என்றாள். எழுநூற்றுச் சொச்சம் கிலோமீட்டர் ஓட்டிவிட்டு ஓட்டுவதற்கு அனுமதி வாங்கும் திட்டம் அப்படித்தான் முடிவாயிற்று.

செய்தி குடும்ப வாட்ஸ்அப் குழுவில் வந்த மறு நிமிடமே பதவிச் சண்டை ஆரம்பித்தது. உறவினர் வீட்டு நிறுத்தங்களில் ராத்தங்கல்தான் உச்ச பதவி. அடுத்தது மத்தியானச் சாப்பாடு. காலைப் பலகாரம் சுமாரான மரியாதை. வெறும் காப்பி என்பது கிட்டத்தட்ட அவமானம். ராத்தங்கல் பாளையங்கோட்டைக்குப் போனதில் மதுரைக்கு வருத்தம், மத்தியானம் மதுரைக்குப் போனதில் திருச்சிக்கு வருத்தம். "நாங்க என்ன, டீக்கடைதானே வச்சிருக்கோம்" என்று சித்தி குரல் பதிவே அனுப்பிவிட்டாள்.

அந்த டீக்கடையில் பொங்கல், வடை, கேசரி, இட்லி, இட்லிக்கு மூன்று சட்னி. "வழியில பசிக்கும்" என்று கட்டிக்கொடுத்த புளியோதரை தனி.

மதுரைப் பெரியம்மா இலையைப் போட்டதும் கேட்ட முதல் கேள்வி, "திருச்சியில என்ன போட்டாங்க?" நலம் விசாரிப்பது அதற்குப் பிறகுதான். இந்தக் கேள்விக்கு வாய் கூசாமல் "காப்பிதான் பெரியம்மா" என்று என் மனைவி சொல்லிக்கொண்டிருக்கும்போதே பையன் முழுப் பட்டியலையும், சட்னிகளின் நிறம் உட்பட, ஒப்பித்துவிட்டான். பெரியம்மா ஒன்றும் பேசவில்லை. உள்ளே போனாள். மிக்ஸி சத்தம் கேட்டது. நான்காவது சட்னி சாப்பாட்டு இலைக்கு வந்ததை அன்றுதான் பார்த்தேன்.

பாளையங்கோட்டைப் பெரியப்பாவுக்குச் சாப்பாடு இரண்டாம்பட்சம். ராத்திரி டார்ச் அடித்துக் காரைச் சுற்றி வந்தார். டயரை உதைத்தார், பானெட்டைத் தட்டிக் காது வைத்துக் கேட்டார். "எவ்ளோ குடுத்தே?" சொன்னேன். நீண்ட மௌனம். "ஏமாத்திப்புட்டான்ல" என்றார். பாதித் தொகை சொல்லியிருந்தாலும் அதையேதான் சொல்லியிருப்பார். அவர் வீடு வாங்கியபோது எங்கள் தாத்தா அவரிடம் சொன்னதும் அதேதான். துக்கம் ஆற நெல்லையப்பர் கோயிலுக்கு எதிரே இருக்கும் இருட்டுக்கடை அல்வா கொடுத்தார். சாயங்காலம் திறக்கிற கடை. நமக்காக வரிசையில் நின்று வாங்கியது என்று பெரியம்மை மறக்காமல் சொன்னாள்.

முப்பந்தல் காற்றாலைகளைத் தாண்டினால் நாகர்கோவில் சின்னச் சித்தப்பா. இவரோடு பேசினால் எந்தப் பேச்சும் 1956 நவம்பர் 1-க்குத்தான் போய் நிற்கும். அன்றைக்குத்தான் அகஸ்தீஸ்வரம், தோவாளை, கல்குளம், விளவங்கோடு தாலுகாக்கள் திருவிதாங்கூர்-கொச்சியை விட்டுத் தமிழகத்தோடு சேர்ந்தன. அதில் சின்னச் சித்தப்பாவுக்குப் பெருமைதான். அக்கா, அதாவது பழவங்காடி அத்தை, மட்டும் அந்தப் பக்கம் மாட்டிக்கொண்டதுதான் குறை. "கோடு போட்டவன் எங்க வீட்ல ஒரு வார்த்தை கேட்டானா?" அக்கா கல்யாணமாகிப் போனதே 1970களில் என்று ஞாபகப்படுத்தினால் அவருக்குப் பிடிக்காது. தக்கலை பக்கத்திலிருக்கும் பத்மநாபபுரம் அரண்மனையைக் காட்டிவிட்டுத்தான் விட்டார். மண் தமிழ்நாட்டு மண், அரண்மனையின் நிர்வாகம் கேரள அரசு. மனை ஒருத்தனுக்கு, வீடு இன்னொருத்தனுக்கு என்று பாகம் பிரித்த சகோதரர்களை அங்கே தவிர எங்கும் பார்க்க முடியாது.

அங்கே சின்னச் சித்தப்பா ஒரு நல்ல விஷயம் சொன்னார். தலைநகரம் பத்மநாபபுரத்திலிருந்து திருவனந்தபுரத்துக்கு மாறிய பிறகும், நவராத்திரிக்கு இங்கிருந்து சாமிகள் அங்கே போகிற வழக்கம் நிற்கவில்லை. பத்மநாபபுரம் தேவாரக்கெட்டு சரஸ்வதி, குமாரகோவில் வேளிமலை முருகன், சுசீந்திரம் முன்னுதித்த நங்கை மூவரும் வருஷா வருஷம் ஊர்வலமாகக் கிளம்புகிறார்கள். ஒரு ராத்திரி குழித்துறையில், மறு ராத்திரி நெய்யாற்றின்கரையில், மூன்றாம் நாள் திருவனந்தபுரம். களியக்காவிளையில் கேரளப் போலீஸ் வரவேற்பு மரியாதை செய்கிறது. அறுபது, எழுபது கிலோமீட்டருக்கு இரண்டு ராத்தங்கல்! எத்தனை காலமாக நடக்கிறது; 'எங்கள் ஊரில் ஏன் தங்கவில்லை' என்று வழியில் எந்த ஊராவது வாட்ஸ்அப்பில் குரல் பதிவு அனுப்பியதுண்டா?

அதைவிடப் பெரிய சாமர்த்தியம் போய்ச் சேர்ந்த பிறகு. சரஸ்வதி நவராத்திரி மண்டபத்தில், முருகன் ஆரியசாலையில், நங்கை செந்திட்டையில். ஒரே வண்டியில் வந்த உறவினர்கள் ஒரே வீட்டில் இறங்கினால் என்ன ஆகும் என்பது தெய்வங்களுக்கும் தெரிந்திருக்கிறது. ஆரியசாலையிலிருந்து சாலைக் கடைத்தெரு வழியாகக் கொஞ்ச தூரம் நடந்தால் பழவங்காடி, அதாவது அண்ணன் வீடு. இருந்தும் முருகன் வேறு இடத்தில்தான் தங்குகிறார். ஒரு பழத்துக்காக வீட்டை விட்டே போனவர்; சாப்பாட்டு வேளையில் அண்ணன் வீட்டுக்குள் நுழைவதில் உள்ள அபாயம் அவருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

பழவங்காடிப் பிள்ளையாரும் உள்ளூர்க்காரர் அல்ல, பத்மநாபபுரத்தார்தான். கோட்டைக் காவலுக்கு நின்ற சிப்பாய் ஒருவருக்கு ராத்திரியில் யட்சி பயம். வள்ளியாற்றில் குளிக்கும்போது கிடைத்த சின்ன விக்கிரகத்தைத் துணைக்கு வைத்துக்கொண்டார் என்பது கதை. திருவிதாங்கூர்ப் படையின் சாமியாகி, படையோடு சேர்ந்து திருவனந்தபுரத்துக்கு வந்தார். இன்றும் கோயிலை நிர்வகிப்பது இந்திய ராணுவம். கிழக்கே கோட்டை நெரிசலில் காரை நிறுத்த இடம் தேடித் தேடி, கடைசியில் அத்தை வீட்டு வாசலிலேயே விட்டுவிட்டு நடந்து வந்தோம். ஆக, பிள்ளையார் அந்த வண்டியை இதுவரை பார்க்கவில்லை. "அவருக்கு ஞானதிருஷ்டி உண்டு" என்று அத்தை சமாளித்தாள்.

தேங்காய் உடைக்கிற இடத்தில் நிற்பதற்குத் தனி தைரியம் வேண்டும். பரீட்சை, வேலை, விசா, கல்யாணம் என்று எல்லாத் தடைகளும் அங்கே சில்லுச் சில்லாகப் பறக்கின்றன. பையன் ஓங்கிப் போட்ட காய் உடையாமல் உருண்டு திரும்பி வந்தது. இரண்டாம் முறை உடைந்ததும், "என்னல வேண்டிக்கிட்டே?" என்று அத்தை கேட்டாள். "வயிறு சரியாகணும்னு" என்றான்.

அந்த வேண்டுதல் பலிக்கப் பிள்ளையாருக்கு அவகாசமே தரப்படவில்லை. அத்தை வீட்டில் இலை தயாராக இருந்தது. அவியல், ஓலன், எரிசேரி, பருப்பு, சாம்பார், புளிசேரி, கடைசியில் திருவனந்தபுரத்துக்காரர்கள் செய்கிற அந்தக் காரியம்: இலையில் போளியைப் பிய்த்துப்போட்டு அதன்மேல் பால்பாயசத்தை ஊற்றுவது. ஏற்கெனவே இனிப்பாக இருக்கும் ஒன்றின்மேல் இன்னொரு இனிப்பை ஊற்றலாம் என்று முதலில் நினைத்தவர் பெரிய மனம் படைத்தவர். நான் மூன்று கரண்டி வாங்கிக்கொண்டேன். அத்தை பக்கத்தில் உட்கார்ந்து தாழ்ந்த குரலில், "நாகர்கோவில்ல என்ன போட்டான் எந்தம்பி?" என்றாள். மனைவி சட்டென்று பையனின் வாயில் ஒரு போளித் துண்டைத் திணித்தாள்.

மறுநாள் காலையில் கிளம்புவதாகச் சொன்னோம். வந்த வழியே திரும்பினால் எல்லோர் வீட்டுக்கும் மறுபடி ஏறி இறங்க வேண்டும் என்ற எங்கள் கவலையை அத்தை முன்கூட்டியே தீர்த்து வைத்திருந்தாள்.

"எதுக்கு மக்கா அந்த வழி? தென்மலை வழியா செங்கோட்டைக்கு விடு. என் மதினிகிட்ட சொல்லியாச்சு, மத்தியானச் சாப்பாடு அங்கதான். சாப்பிட்டுட்டு குற்றாலத்துல குளிங்க. அருவியில குளிச்சா நல்லாப் பசிக்கும். அதனால தென்காசியில சின்ன மதினிகிட்டயும் சொல்லி வச்சிருக்கேன்."