எந்தா நோக்குந்நே?

நெய்யாற்றின்கரை என்ற ஊர்ப் பெயரை மலையாளத்தில் எழுத்துக் கூட்டிப் படித்து முடிக்க எனக்கு 20 வினாடி ஆகும். நடுவில் ஒரு றகரத்தின் தலைமேல் இன்னொரு றகரம் ஏறி உட்கார்ந்திருக்கும். அங்கேதான் தடுக்கும். திருவனந்தபுரம் தம்பானூர் பஸ் நிலையத்துப் பலகையில் ஒருநாள் அப்படித் தடுக்கி, எழுந்து, கடைசி இரண்டு எழுத்துக்கு வந்திருந்தேன். "எந்தா நோக்குந்நே?" (என்ன பார்க்கிறாய்?) என்று ஒரு குரல். பார்த்தால், பலகைக்கு நேர் கீழே ஒரு அம்மாள் கையில் மடக்கிய குடையோடு நிற்கிறார்.

"போர்டு, சேச்சி, போர்டு!" என்று மேலே கையைக் காட்டினேன். அவர் திரும்பி அரை வினாடியில் அதைப் படித்தார். பிறகு, வயசான காலத்தில் முதியோர் கல்விக்குக் கிளம்பியவனைப் பார்ப்பதுபோல் என்னை ஒரு பார்வை பார்த்தார். அது நான் பார்த்ததைவிட நீளம்.

நேரமும் சரியில்லை. 2016 ஆகஸ்டில்தான் கேரளத்தின் அன்றைய கலால் ஆணையர் ரிஷிராஜ் சிங், ஒரு பெண்ணை 14 வினாடி உற்றுப் பார்த்தாலே வழக்குப் போடலாம் என்று பேசியிருந்தார். சட்டப் புத்தகத்தில் அப்படி ஒரு வினாடிக் கணக்கு கிடையாது. ஆனாலும் ஊரே ஸ்டாப்வாட்ச்சோடு திரிந்தது. 13 வினாடி பார்த்துவிட்டு ஒருமுறை கண்ணைச் சிமிட்டினால் கணக்கு மறுபடி ஒன்றிலிருந்து தொடங்குமா என்றெல்லாம் சந்தேகம் கேட்டார்கள். சேச்சியைக் குறை சொல்ல மாட்டேன். மலையாளத்தில் இதற்கென்றே 'துறிச்சு நோட்டம்' என்று ஒரு சொல் இருக்கிறது. விழி வெளியே துருத்திக்கொண்டு வருகிற பார்வை. பிறகு 2018இல் கிருகலட்சுமி பத்திரிகை, தாய்ப்பால் கொடுக்கும் பெண்களை இப்படிப் பார்க்காதீர்கள் என்று அட்டைப்படமே போட வேண்டியிருந்தது.

படபடப்பு அடங்க, பக்கத்தில் கட்டடக் கலைஞர் லாரி பேக்கர் கட்டிய இந்தியன் காபி ஹவுஸுக்குள் நுழைந்தேன். சங்குபோல் சுற்றிச் சுற்றி ஏறும் கட்டடம். சரிவுப் பாதையின் ஓரமாகவே மேஜைகள். இடம் தேடி ஏறுகிறவர், வழியில் இருக்கும் ஒவ்வொருவர் தட்டையும் பார்த்துக்கொண்டுதான் போக வேண்டும். அங்கே வழக்குப் போட ஆரம்பித்தால் நீதிமன்றம் தாங்காது.

உட்கார்ந்து, என் குற்றம் ஆங்கிலத்தில் எந்தப் பிரிவில் வரும் என்று போனில் அகராதியைப் புரட்டினேன். முதல் சொல் gaze, அதாவது கேஸ். (போலீஸ் கேஸுக்கும் தமிழில் இதே எழுத்துதான் என்பது என்னைக் கொஞ்சம் கலக்கியது.) ஸ்காண்டிநேவியப் பக்கத்திலிருந்து வந்திருக்கலாம் என்கிறார்கள், ஸ்வீடிஷ் வட்டார வழக்கில் 'காஸா' என்றால் ஆவென்று வாயைப் பிளந்து பார்ப்பது. அந்த நேரம் பார்த்து, விசிறித் தலைப்பாகை கட்டிய சர்வர் மசால் தோசையைக் கொண்டுவந்து வைத்தார். பிட்டதும் உள்ளே ரத்தச் சிவப்பில் பீட்ரூட். மதுரைக்காரன் வேறு எப்படிப் பார்ப்பான்? காஸா.

இரண்டாவது, ஸ்டேர். பழைய ஆங்கிலத்தில் 'ஸ்டாரியன்'. இதன் வேரே விறைப்பு. சொந்தக்காரர்களைப் பாருங்கள்: வேட்டிக்குப் போடுகிற கஞ்சி ஸ்டார்ச், காலை விறைத்து நடக்கும் நாரை ஸ்டார்க். பட்டினியைச் சொல்லும் ஸ்டார்வ்கூட ஆதியில் செத்து விறைப்பதுதானாம். ஆக, வெள்ளைக்காரன் முறைத்தால் கண்ணுக்குக் கஞ்சி போட்டிருக்கிறான் என்று அர்த்தம். 'என்ன விறைப்பும் முறைப்புமா நிக்கிறான்' என்று எங்கள் ஆச்சி சொன்னபோது எந்த அகராதியையும் புரட்டவில்லை.

ஆனால் பார்வையைத் தொழிலாக்கியது கேரளம் ஒன்றுதான். சுமையை நீங்களே இறக்கிக்கொண்டாலும், இறக்குவதைப் பார்த்துக்கொண்டு நின்ற தொழிலாளர்கள் காசு கேட்பார்கள்; நோக்குக்கூலி. 2018 மே 1 முதல் அரசு அதைத் தடை செய்தது, உழைப்பாளர் தினமாகப் பார்த்து. நெய்யாற்றின்கரைப் பலகைக்கு எனக்கும் கொஞ்சம் வர வேண்டியது, கேட்பதற்குள் போய்விட்டது.

வெளியே வந்தபோது தமிழ்நாட்டு பஸ் ஒன்று நின்றிருந்தது. நெற்றியில் தமிழில் நாகர்கோவில். ஒரே வினாடியில் படித்துவிட்டேன். கீழே யாரும் நிற்கவில்லை. இன்னும் 12 வினாடி பார்த்துவிட்டு ஏறினேன்.