ஏழாவது பாட்டு

திருநெல்வேலி ஜங்ஷன் பக்கம், மாடிப்படிக்குக் கீழே, ஒருவர் உள்ளே உட்கார்ந்தால் மற்றவர்கள் தெருவில் நிற்க வேண்டிய அகலத்தில் ஒரு ரெக்கார்டிங் சென்டர் இருந்தது. உங்கள் ஊரிலும் ஒன்று இருந்திருக்கும். அதற்கும் ஏதாவது ஒரு ராகத்தின் பெயரையே வைத்திருப்பார்கள். எண்பதுகளில், பரீட்சையைப் பற்றி யோசித்திருக்க வேண்டிய நேரத்தையெல்லாம், அறுபது நிமிடக் கேசட்டில் எந்தப் பாட்டுக்குப் பின்னால் எந்தப் பாட்டு வந்தால் கேட்பவன் கலங்கிப்போவான் என்று கணக்குப் போடுவதிலேயே செலவழித்தவன் நான். கோடு போட்ட தாளில் பட்டியலை எழுதி நீட்டினால், கடை அண்ணாச்சி கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கி, "ஏ தம்பி, பக்கத்துக்கு முப்பது நிமிசம்தான். ஆறு பாட்டு தாராளமா வரும். ஏழாவது பாதியில நின்னா எங்கிட்ட வந்து நிக்கப்பிடாது" என்பார்.

நின்றது. இன்றைக்கும் அந்தப் பாட்டை எங்கே கேட்டாலும் இரண்டாவது சரணத்தில் என் காதுக்குள் 'டக்'கென்று ஒரு சத்தம் விழுகிறது. அதற்குமேலும் பாட்டு ஓடுவது ஏதோ அத்துமீறலாகவே படுகிறது.

காப்புரிமை என்று யாராவது அன்று கேட்டிருந்தால் எங்கள் ஜில்லாவே உள்ளே போயிருக்கும். இளையராஜா பாட்டுகளை ஊர் ஊராகக் கொண்டுசேர்த்ததில் எங்களுக்கும் பங்குண்டு என்றல்லவா நினைத்துக்கொண்டிருந்தோம்!

1980-இல் வந்த 'நிழல்கள்' சரியாக ஓடவில்லை. ஆனால் அதில் எஸ்.பி.பி. பாடிய சாயங்காலப் பாட்டு, வைரமுத்துவுக்கு அது முதல் பாட்டு, இலங்கை வானொலியிலும் டீக்கடைகளிலும் ஓயாமல் ஓடியது. அதே படத்துக்கு ஜானகி பாடிய ஒன்று திரையில் வரவேயில்லை, இசைத்தட்டோடு நின்றுவிட்டது. படம் பார்த்தவனுக்கும் தெரியாத பாட்டு எனக்குத் தெரியும் என்ற கர்வம் இருக்கிறதே, அது ஒரு தனிப் போதை. யாருக்குக் கேசட் பதிந்தாலும் அதுதான் முதல் பாட்டு. கொடுத்துவிட்டு வந்தாலாவது பரவாயில்லை. எதிரே உட்கார்ந்து, வீணை வரும், இப்போது கவனி என்று விரலைத் தூக்கி, அவன் கண் கலங்குகிறதா என்று முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பேன். பாவம், கொட்டாவியைக்கூட அடக்கிக்கொண்டு கேட்டார்கள்.

அழிந்துவிடக் கூடாதென்று கேசட்டின் முதுகிலிருக்கும் இரண்டு பிளாஸ்டிக் பற்களையும் பேனா முனையால் உடைத்துத்தான் கொடுப்பேன். உயிர் நண்பன் ஒருவன் அந்த ஓட்டைகளில் செலோடேப் ஒட்டி, மேலேயே தன் அக்கா கல்யாண நாதஸ்வரத்தைப் பதிந்துவிட்டான். நடுநடுவே பந்தி பரிமாறுகிறவரின் குரலும் கேட்கும்.

இப்போது பட்டியல் இல்லை, அண்ணாச்சி இல்லை, சிக்கிய நாடாவைப் பென்சிலால் சுற்றும் வேலையும் இல்லை. ஒலியும் அன்றைவிடத் துல்லியம். அந்த ஜானகி பாட்டில் நான் கேட்டேயிராத ஒரு வாத்தியம்கூட இருப்பது ஹெட்போன் வந்த பிறகுதான் தெரிந்தது. பள்ளித் தோழர்களின் வாட்ஸாப் குழுவில் விடிவதற்குள் ஒரு கேசட் நிறையும் அளவுக்குப் பாட்டுகள் வந்து குவிகின்றன. நாலரை நிமிடப் பாட்டை அனுப்பினால் பத்தே நொடியில் கண்ணீர் வடிக்கும் எமோஜி வந்துவிடுகிறது. அவ்வளவு வேகமாக உருக எங்களுக்கு அந்த வயதில்கூட வரவில்லை.

போன வாரம் நாதஸ்வரக்காரன் ஷார்ஜாவிலிருந்து ஒரு பாட்டு அனுப்பியிருந்தான். ஜானகி பாட்டேதான். கீழே ஒரு வரி: "படத்துல வராத பாட்டுடே இது, உனக்குத் தெரிஞ்சிருக்காது. வீணை வரும்போது கவனி."