தீபாவளிக்கு டெய்லரைக் கேளுங்கள்

கேள்வி: ஆன்லைனில் சேலை விற்கிறேன். தீபாவளி விற்பனைக்கு எப்போது தயாராக வேண்டும்?
- ஒரு வாசகி, இளம்பிள்ளை

பதில்: தெருமுனை டெய்லரைக் கேளுங்கள். ‘இனி பிளவுஸ் ஆர்டர் எடுக்க மாட்டோம்’ என்று அவர் போர்டு மாட்டுவதற்குள் சேலை வீடு போய்ச் சேர்ந்திருக்க வேண்டும். அதற்குப் பிறகு எத்தனை சதவீதத் தள்ளுபடி கொடுத்தாலும், அது பொங்கலுக்குத்தான்! ஆகவே ஆயுத பூஜைக்கு முன்பே புதுப் படங்களை ஏற்றிவிடுங்கள். கேஷ் ஆன் டெலிவரி ஆர்டர் என்றால், அனுப்பும் முன் ஒரு போன் போடுங்கள். பார்சல் திரும்பினால் போகிற கூலி, வருகிற கூலி இரண்டும் பெரும்பாலும் உங்கள் தலையில்தான். கூடவே பட்டாசும் விற்கலாமே என்று ஆசை வந்தால் அடக்கிக்கொள்ளுங்கள். ஆன்லைன் பட்டாசு விற்பனைக்கு உச்ச நீதிமன்றம் 2018-லேயே தடை போட்டுவிட்டது. முறுக்கு? உரிமம் வாங்கி விற்கலாம். கூரியர்காரர் வீசுகிற வேகத்தில் அது சீடையாகப் போய்ச் சேரும்.